அரிசோனா பண்ணை விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

எனக்கு வயது 69, மனைவிக்கு 66. அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. பண்ணை விடுதி என்றாலே பலர் குதிரை ஏறத்தான் போவார்கள், அந்த ஆசையெல்லாம் எங்களுக்கு இல்லை. பாலைவனத்தில் சவாரோ கள்ளிகளுக்கு எதிரே ஒரு திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும், அவ்வளவுதான். (எழுத்தில் சகுவாரோ, அந்த ஊர்க்காரர்கள் சவாரோ என்கிறார்கள். முதல் கிளை விடுவதற்கே ஐம்பது, எழுபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் நிதானசாலி.)

டூசானிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு பண்ணை விடுதியில், ஜூலை கடைசியில் மூன்று இரவுகளுக்குப் பதிவு செய்தேன். ‘முதியோருக்கு உகந்தது, குளிரூட்டப்பட்ட அறை, படியேறும் சிரமம் இல்லை’ என்று விளம்பரம் சொன்னது. குளிர்காலக் கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. அந்தப் பக்கத்தில் குளிர்காலமும் வசந்தமும்தான் பருவம். கோடையில் பல பண்ணைகள் விருந்தினர்களை எடுப்பதே இல்லை. பாதி விலைக்கு ஏன் தருகிறார்கள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கணக்குத் துறையில் இருந்தவன் நான், வெட்கமாக இருக்கிறது.

போய் இறங்கியதும் வரவேற்பு மேசையில் ‘பண்ணைக் கட்டணம்’ என்று ஆளுக்கு, இரவுக்கு 40 டாலர் கேட்டார்கள். பதிவு செய்தபோது அப்படி ஒரு வரியே இல்லை. 2025 மே 12 முதல் அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. தங்குமிடங்கள் கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்த மொத்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது. அட்டையை நீட்டிவிட்டேன்.

அறைக்கு நான்கு படிகள், கைப்பிடி கிடையாது. குளியலறையில் முழங்கால் உயரத் தொட்டியைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். மனைவி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேறு அறை கேட்டதற்கு, நடக்கச் சிரமப்படுவோருக்கான தடையற்ற அறை ஒன்று உண்டு, அதை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். தடையற்ற அறை வேண்டும் என்று பதிவின்போது எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அப்படிப் பதிவு செய்த அறையை உங்களுக்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது 2012 முதல் விடுதிகளுக்குச் சட்டம். நான் விளம்பர வரியை நம்பினேன், கேட்கவில்லை.

‘குளிரூட்டப்பட்ட’ என்ற சொல்லுக்கு வருகிறேன். சுவரில் இருந்தது ஏசி அல்ல, நம் வீடுகளில் தண்ணீர் ஊற்றி ஓட்டுவோமே, அதே ஏர் கூலர். காற்று காய்ந்து கிடக்கும் மே மாதத்தில் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் அரிசோனாவில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை மழைப்பருவம். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் தண்ணீர் ஆவியாகாது, கூலர் வெறும் விசிறியாகிவிடும். சென்னையில் கூலர் வாங்கி ஏமாந்த யாரும் இதைப் பாடமாகச் சொல்வார்கள். இரவு முழுக்க ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தோம். மனைவி ரத்த அழுத்தத்துக்கு, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுகிறவர். காலையில் எழுந்ததும் தலை சுற்றி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைபேசியில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடித்துத் தேறினார்.

மூன்றாம் நாள் மாலை மழை கொட்டியது. பண்ணைக்குப் போகும் கடைசி ஐந்து மைல் மண் சாலை, நடுவே ஒரு வறண்ட ஓடை. ‘வாஷ்’ என்பார்கள், நம் காட்டாறுதான். காலையில் பொட்டு ஈரம் இல்லாத மணல், மாலையில் இடுப்பளவுச் செந்நீர். மறுநாள் கிளம்பிப் போனால் சாலையில் தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்பைத் தாண்டி வெள்ளத்தில் வண்டியை விட்டு மாட்டிக்கொள்பவரிடமே மீட்புச் செலவை வசூலிக்க அங்கே 1995 முதல் சட்டம் உண்டு. அதை ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள். நான் முட்டாள்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. திரும்பி வந்தோம். அன்றைய இரவுக்கும் வாடகையும் பண்ணைக் கட்டணமும் போட்டார்கள். மழைக்காலத்தில் இந்தப் பாதை அடைபடும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

வீடு திரும்பியதும் கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு எழுதினேன். தவறான கட்டணம் இடம்பெற்ற முதல் அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். பதிவுப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தது உதவியது. பண்ணைக் கட்டணம் முழுவதும் திரும்பி வந்தது. நான்காம் இரவு வாடகை வரவில்லை. வர்த்தக ஆணையத்துக்கும் அரிசோனா அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் இணையத்தில் புகார் போட்டிருக்கிறேன்.

திண்ணைக் காபி ஆசை இன்னும் போகவில்லை. போன வாரம் அரிசோனாவிலேயே விக்கன்பர்க் என்ற ஊர்ப் பக்கம் ஓர் இடத்துக்கு பிப்ரவரிக்காகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். மனைவி பேசியைப் பிடுங்கி, “அறைக்கு எத்தனை படிகள்?” என்று கேட்டார். மறுமுனையில் இருந்த பெண் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்து, “ஒன்று. அதுவும் பாதி உயரம்தான், படம் அனுப்புகிறேன்” என்றார்.

படம் வந்தது. இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்திருக்கிறோம்.