பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு வரும் பில்

போன மாதம் மச்சினன் போன் செய்தான். பையனுக்குப் பத்து வயது முடிகிறது, பிறந்தநாளுக்கு கேம் கன்சோல் கேட்கிறான். “பிஎஸ்5 ஐம்பத்தஞ்சாயிரம் சொல்றாங்க மாமா. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் முப்பத்தஞ்சாயிரத்துக்கு ஒரு கடையில இருக்கு. இருபதாயிரம் மிச்சம், எடுத்துடட்டா?” என்றான். இரண்டுமே டிவியில் மாட்டி ஆடும் பெட்டிகள்; பிஎஸ்5 என்பது சோனியின் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் மைக்ரோசாஃப்ட்டுடையது. ஒரு நாள் பொறு என்றேன்.

பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் ஒரு நோட்டு. 2021-இல் பிஎஸ்5 வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெட்டியின் பெயரால் செலவான ஒவ்வொரு தொகையையும் அதில் எழுதி வருகிறேன். “இன்னும் எவ்வளவுதான் இதுக்குக் கொட்டப் போறீங்க?” என்று என் மனைவி கேட்டதற்குப் பதில் சொல்வதற்காக ஆரம்பித்தது. பதில் இன்னும் சொல்லி முடியவில்லை.

முதலில் கடையில் ஒட்டியிருக்கும் விலை. பிஎஸ்5-இன் மெலிந்த புது வடிவமான ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 54,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990. சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 34,990-க்கு வந்தது. இப்போது கடைக்குக் கடை ஒரு விலை, பாதிக் கடைகளில் சரக்கே இல்லை. மச்சினன் பார்த்த கடையில் பழைய விலைக்கே ஒன்று இருந்தது அவன் அதிர்ஷ்டம். ஆக ஒவ்வொரு படிக்கும் பத்தாயிரம் வித்தியாசம். அந்தப் பத்தாயிரம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதுதான் விஷயம்.

இந்த இரண்டில் எந்தப் பெட்டியை வாங்கினாலும் உள்ளே கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலர் ஒன்றுதான் இருக்கும். பத்து வயதுப் பையன் தனியாக விளையாடமாட்டான். முதல் ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து வீட்டுப் பையன் வந்து உட்காருவான். பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கண்ட்ரோலர் இங்கே வந்தபோது 5,990 ரூபாய். எக்ஸ்பாக்ஸுடையதும் ஐயாயிரத்தை ஒட்டித்தான். டூயல்சென்ஸில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, யூஎஸ்பி ஒயரில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் இன்னமும் இரண்டு பென்சில் பேட்டரி கேட்கிறது. முதல் ஜோடி பெட்டியிலேயே வரும், அப்புறம் ரீசார்ஜபிள் செல்லும் சார்ஜரும் உங்கள் கணக்கு. கேட்பதற்குப் பழைய காலத்து ஏற்பாடாக இருக்கிறது, ஆனால் ஐந்தாம் வருடம் செல் செத்தால் செல்லை மட்டும் மாற்றினால் போதும். விரலால் அசைக்கும் குச்சி தேய்ந்து, தொடாமலே திரையில் ஆள் நகர்வது மட்டும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான வியாதி.

சரி, டிஸ்க். நான் அதிகம் பேச நினைப்பது இதைப் பற்றித்தான்.

சோனியின் பெரிய பிஎஸ்5 கேம்கள் இங்கே புதிதாக 4,999 ரூபாய்க்கு வருகின்றன. ஸ்பைடர்மேன் 2-இன் விலை அதுதான். டிஜிட்டலாக வாங்கினால் பணம் கட்டியதும் அந்தக் கேம் உங்கள் கணக்கில் ஏறிவிடும், அதோடு சரி. முடித்த பிறகு யாருக்கும் கொடுக்க முடியாது, விற்க முடியாது. டிஸ்க் அப்படியல்ல. நான் ஒரு கேமை வெளிவந்த வாரமே வாங்கி, மூன்று வாரத்தில் முடித்துவிட்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் டிஸ்க்கை நடுத்துளையில் விரலைவிட்டுத் தூக்கி, டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்து, தோசைக்கல்லைப் பார்ப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கீறல் இல்லை. கவரில் உள்ளே வந்த காகிதம் இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். 2,800 ரூபாய் கையில் கொடுத்தார். அதாவது அந்தக் கேம் எனக்கு 2,199 ரூபாய்தான்.

வருடத்துக்கு நான்கு புது கேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 2,800 திரும்பி வந்தால் 11,200. டிஸ்க் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுத்த பத்தாயிரம் ஒரே வருடத்தில் வந்துவிட்டது. புதிது வேண்டாம், பழைய டிஸ்க் போதும் என்பவர்களுக்கு இன்னும் லாபம். 2,500-க்கு வாங்கி 1,800-க்குத் தள்ளிவிட்டால் 700 ரூபாய் வாடகைக்கு எடுத்து விளையாடிய மாதிரி.

டிஜிட்டல்காரர்கள் உடனே, “சேல் வரும்போது பாதி விலைக்குக் கிடைக்குமே” என்பார்கள். கிடைக்கும், ஆனால் அதற்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கினாலும் அந்த 2,500 போனது போனதுதான். கால்பந்து கேமில் மட்டும் டிஸ்க் கணக்கு கவிழும். அடுத்த வருட எடிஷன் வந்த மறுநாளே பழையதைக் கடைக்காரர் கையில்கூட வாங்கமாட்டார். வருடத்துக்கு ஒரு கால்பந்து, மற்றபடி இலவச கேம்கள் என்று இருப்பவருக்கு டிஸ்க் டிரைவ் வெறும் அலங்காரம்.

டிஜிட்டல் பக்கம் நான் ஒப்புக்கொள்கிற நியாயம் ஒன்று உண்டு. அண்ணன் வீட்டில் ஒரு பிஎஸ்5, தம்பி வீட்டில் ஒன்று என்றால், ஒருவர் வாங்கிய டிஜிட்டல் கேமை இருவரும் விளையாடும்படி கணக்கை அமைத்துக்கொள்ள முடியும். அங்கே விலை பாதியாகிறது. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையில் இருக்கும்வரை நல்ல ஏற்பாடு. அப்புறம், ஸ்லிம் டிஜிட்டலில் டிஸ்க் டிரைவைப் பிறகு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் அதன் விலை 79.99 டாலர். மாட்டியதும் ஒருமுறை இணையத்தோடு இணைத்துப் பதிவு செய்ய வேண்டும். ஸ்லிம்மை நிற்க வைக்கும் ஸ்டாண்டும் தனியாகத்தான் வாங்க வேண்டும். பழைய பெரிய பிஎஸ்5-இல் அதைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள்.

சீரிஸ் எஸ்-இல் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டிஸ்க் போட வழியே கிடையாது, பிறகு டிரைவ் மாட்டவும் முடியாது. அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் காட்டுவது கேம் பாஸ் சந்தா. மாதம் ஒரு தொகை கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்கள். சில வருடங்களுக்கு முன் யாராவது என்னிடம் யோசனை கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு சீரிஸ் எஸ்ஸும் கேம் பாஸும் என்று சொல்லியிருப்பேன். 2025 அக்டோபரில் அதன் உச்சப் படியான அல்டிமேட் சந்தாவை மாதம் 829-இலிருந்து 1,389 ரூபாயாக ஏற்றினார்கள். என் யோசனையும் மாறிவிட்டது.

ஐந்து வருடம் பெட்டி ஓடும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அந்த விலையில் அல்டிமேட் வருடத்துக்கு 16,668. ஐந்து வருடத்துக்கு 83,340. பெட்டி விலை 34,990-ஐச் சேர்த்தால் 1,18,330. இந்தப் பக்கம் டிஸ்க் பிஎஸ்5 54,990. இணையத்தில் மற்றவர்களோடு விளையாட பிளேஸ்டேஷன் பிளஸ் எசென்ஷியல் சந்தா, 2023 செப்டம்பர் ஏற்றத்துக்குப் பிறகு வருடத்துக்கு 3,949, ஐந்து வருடத்துக்கு 19,745. மொத்தம் 74,735. நடுவில் 43,595 ரூபாய் நிற்கிறது. வாங்கி விற்கும் கணக்கில், வெளிவந்த அன்றே வாங்கிய கேம் பத்தொன்பது அந்தப் பணத்துக்குள் அடங்கும்.

இது அல்டிமேட்டுக்கு மட்டும்தான். அதற்குக் கீழே பிரீமியம், 2025 அக்டோபர் விலையில் மாதம் 699. புதுக் கேம்கள் வெளிவந்த அன்றைக்கே அதில் வராது, மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கேம்களுக்கு ஒரு வருடம்வரை காத்திருக்க வேண்டும், கால் ஆஃப் டியூட்டி கேம் அந்த ஒரு வருடக் கணக்கிலும் சேராது. ஐந்து வருடத்துக்கு 41,940, பெட்டியோடு 76,930. பிஎஸ்5 கணக்குக்கும் இதற்கும் இரண்டாயிரத்துச் சில்லறைதான் வித்தியாசம். ஆனால் பிரீமியத்தில் கேம்கள் உள்ளேயே இருக்கின்றன, பிஎஸ்5-இல் பெரும்பாலும் நாம்தான் வாங்க வேண்டும். ஒரு கேமை இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு அடுத்ததற்குத் தாவும் பிள்ளைகள் வீட்டுக்கு பிரீமியம் நல்ல பேரம். என்னைப் போல ஒரே கேமை இரண்டு மாதம் உருட்டுகிறவனுக்கு அது புஃபேயில் போய் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டு வருவது.

கேம்களை ஏற்றி வைக்கப் பெட்டிக்குள் இடம் போதாத பிரச்சினை ஓரிரு மாதத்தில் தெரியும். சீரிஸ் எஸ் 512 ஜிபி என்று சொன்னாலும் நமக்கு மிஞ்சுவது 364 ஜிபி. இன்றைய பெரிய கேம்கள் சர்வசாதாரணமாக நூறு ஜிபியைத் தொடுகின்றன. மூன்று கேமோடு பெட்டி நிறைந்துவிடும். கூட்ட வேண்டுமானால் பின்புறத் துளையில் சொருகும் தனி கார்டுதான் வழி, அதை ஓரிரு கம்பெனிகள்தான் செய்கின்றன, விலையும் அப்படித்தான். சாதாரண ஹார்ட் டிஸ்க்கை மாட்டலாம், ஆனால் புதுத் தலைமுறை கேம்களை அதில் அடுக்கி வைக்கத்தான் முடியும், அங்கிருந்தே ஓட்ட முடியாது. ஸ்லிம்மில் 1 டிபி. அது நிறைந்தால் கணினிக் கடையில் விற்கும் எம்.2 எஸ்எஸ்டி என்ற சேமிப்புத் தகட்டையே வாங்கிப் போடலாம். வேகம் வினாடிக்கு 5,500 எம்பி இருக்க வேண்டும், மேலே வெப்பம் தணிக்கும் தகடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். நானே போட்டேன். பக்கத்து மூடியை இழுத்துக் கழற்றி, ஒரு ஸ்க்ரூவைத் திருகி, சொருகி, மறுபடி ஸ்க்ரூ. ஸ்க்ரூ கீழே விழுந்து சோபாவுக்கு அடியில் தேடிய நேரத்தையும் சேர்த்து இருபது நிமிடம்.

சீரிஸ் எஸ்-இன் பலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 4கே டிவி இல்லாத வீட்டில் படத்தில் குறை தெரியாது. ஆனால் சில கேம்கள் அதற்குள் இறங்கத் திணறுகின்றன. பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்கு 2023 டிசம்பரில் வந்தபோது, ஒரே டிவியில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி சீரிஸ் எஸ்-இல் மட்டும் இல்லை. 2025 ஏப்ரலில்தான் கொடுத்தார்கள்.

கரண்ட் விஷயத்தில் சின்னப் பெட்டிக்குத்தான் என் ஓட்டு. பிஎஸ்5 பெரிய கேம் ஓடும்போது 200 வாட் பக்கம் இழுக்கும், சீரிஸ் எஸ் 80-ஐத் தாண்டுவது அபூர்வம். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 24 யூனிட்டுக்கு எதிராக 10 யூனிட். தொகை பெரிதல்ல. ஆனால் ஏசி போடும் மாதங்களில் 500 யூனிட் கோட்டின் ஓரத்தில் நிற்கிற வீடு என்றால், அதைத் தாண்டிய பிறகு முழு பில்லின் கணக்கே மாறும் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்ததே.

அதைவிட முக்கியம், கரண்ட் போகும்போது என்ன ஆகும் என்பது. எங்கள் வீட்டில் ஒரு கேம் தொண்ணூறு ஜிபி இறங்கி அப்டேட் ஆகிக்கொண்டிருந்த நேரத்தில் போனது. மறுபடி ஆன் செய்ததும் பெட்டி தன்னைத் தானே சோதித்துக்கொண்டது, கேம் திறக்கவில்லை, அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கினேன். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் தொண்ணூறு ஜிபிக்கு இரண்டு மணி நேரம். 30 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் ஆறே முக்கால் மணி நேரம், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதான். மறுநாள் 600 விஏ யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். பெட்டிக்கு 200, டிவிக்கு 100, அது 360 வாட்வரை தாங்கும். நிம்மதியாக சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கிறது. நோட்டில் மூவாயிரம் ஏறியது.

இவ்வளவையும் கேட்ட மச்சினன் மனைவி, “ஸ்விட்ச்சுன்னு ஒண்ணு இருக்காமே அண்ணா?” என்றாள். இருக்கிறது. நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5-இல் வந்தது, அப்போது அமெரிக்காவில் 449.99 டாலர். கழற்றி மாட்டும் இரண்டு கண்ட்ரோலர்கள் பெட்டியிலேயே வருவதால், எளிய கேம்களை ஆளுக்கொன்றாக வைத்து முதல் நாளே இருவர் விளையாடலாம். இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டையும் அது தோற்கடிக்கிறது. ஆனால் நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இறக்குமதிக் கடைக்காரர் சொல்வதே விலை, அவர் சொல்வதே வாரண்டி. மரியோ கார்ட் வேர்ல்ட் என்ற ஒரு கேம் மட்டும் 79.99 டாலர், நின்டெண்டோ தன் கேம்களின் விலையைச் சுலபத்தில் குறைப்பதும் இல்லை. மெமரி கார்டும் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது ரகம்தான் வேண்டும், வீட்டில் கிடக்கும் பழைய கார்டுகளில் கேம் ஏற்ற முடியாது. சிங்கப்பூரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் யோசிக்கலாம். இவர்களுக்கு அங்கே யாரும் இல்லை.

மறுநாள் நோட்டோடு அவன் வீட்டுக்கே போனேன். டிஸ்க் பிஎஸ்5 என்று முடிவாகச் சொல்லத்தான் போனேன். பேச்சுவாக்கில் பையனைக் கூப்பிட்டு, “எந்த கேம்டா ஆடப் போற?” என்று கேட்டேன். அதுவரை யாரும் அவனைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஃபோர்ட்நைட் மாமா. அப்புறம் ஃபுட்பால்.”

ஃபோர்ட்நைட் இலவசம். அதை இணையத்தில் விளையாட எந்தப் பெட்டியிலும் சந்தா வேண்டாம். கால்பந்து வருடத்துக்கு ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுப் பையனோடு ஒரே சோபாவில். விற்பதற்கு டிஸ்க்கும் இருக்காது, கட்டுவதற்கு சந்தாவும் இருக்காது. நான் ராத்திரி உட்கார்ந்து போட்ட ஐந்து வருடக் கணக்கில் பாதிக்குமேல் இவனுக்குப் பொருந்தவே இல்லை. சீரிஸ் எஸ்ஸையே எடு, இன்னொரு கண்ட்ரோலர் வாங்கு, அல்டிமேட் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினேன்.

மச்சினனுக்கு வாயெல்லாம் பல். “அப்போ நான் சொன்னதுதான் சரி, இல்ல மாமா?”

“சரிதான் மச்சான். ஆனா ஃபோர்ட்நைட்ல டிரஸ் வாங்க, டான்ஸ் வாங்கன்னு உள்ளேயே ஒரு கடை இருக்கு. உன் கார்டை அந்தக் கணக்கில ஏத்தாதே.”

அவன் திரும்பிப் பையனைப் பார்த்தான். பையன் சீலிங் ஃபேனைப் பார்த்தான்.