ஸென் ஹைப்பர்வைசரில் பாராவிர்ச்சுவல் கெஸ்ட்டுகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் உருவாகி 2003இல் வெளிவந்த, ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை (கெஸ்ட்டுகளை) இயக்கும் மென்பொருளான ஸென் ஹைப்பர்வைசரில், லினக்ஸ் சர்வர்களைப் பாராவிர்ச்சுவல் கெஸ்ட்டுகளாக, அதாவது ஹைப்பர்வைசரின் மேல் ஓடுவதை அறிந்து அதனோடு ஒத்துழைப்பவையாக, பல ஆண்டுகளாக இயக்கி வருகிறேன். இம்முறையில் நினைவகத்துக்கான ஏற்பாடு காலத்தால் தளர்ந்துவிட்டது என்பதும், நெட்வொர்க்குக்கான ஏற்பாடு இன்றும் உறுதியாக நிற்கிறது என்பதும் என் முடிவு.

கெஸ்ட் தன் பக்க அட்டவணையை (நினைவகப் பக்கங்கள் எங்குள்ளன என்று காட்டும் பட்டியலை) படிக்கலாம், ஆனால் அதில் நேரடியாக எழுத முடியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஹைப்பர்கால் (ஸெனிடம் விடுக்கும் அழைப்பு) மூலம் கோர வேண்டும், அந்தப் பக்கம் அதற்கு உரியதுதானா என்று சரிபார்த்த பின்னரே ஸென் ஏற்றுக்கொள்ளும். மெய்நிகராக்கத்துக்கு வன்பொருள் துணையில்லாத பழைய பிராசசர்களில் இது அருமையாக வேலை செய்தது. நீண்ட நேரம் ஓடும் டேட்டாபேஸ் போன்றவற்றில் இச்சுமை தெரிவதில்லை. நொடிக்கு நொடி புதிய பிராசஸ்களை உருவாக்கும் கம்பைல் வேலைகளில் நன்றாகவே தெரிகிறது. 64 பிட் கெஸ்ட்டுகளில் சிஸ்டம் கால்களும் (நிரல்கள் கெர்னலிடம் விடுக்கும் கோரிக்கைகளும்) ஸென் வழியாகவே செல்ல வேண்டியிருப்பதால், 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பிராசசர் பாதுகாப்புக் குறைபாடு வெளியானபின் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தச் சுமையை மேலும் கூட்டின.

ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்ட்டின் நினைவகத்தைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் பலூன் டிரைவரைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். கெஸ்ட் மனமுவந்து விட்டுக்கொடுக்கும் பக்கங்களைத்தான் அதனால் திரும்பப் பெற முடியும். மற்ற கெஸ்ட்டுகளை நிர்வகிக்கும் முதன்மைக் கெஸ்ட்டான டாம்-ஜீரோவுக்கு 16 ஜிபி கொடுத்துத் துவக்கி, பிறகு 1 ஜிபிக்குச் சுருக்கினால், 4 கேபி பக்கம் ஒவ்வொன்றுக்கும் 64 பைட் என்ற கணக்கில் துவக்கத்தில் ஒதுக்கிய ஏறத்தாழ 256 எம்பி விவரக் குறிப்பு அந்த 1 ஜிபிக்குள்ளேயே தங்கிவிடும். எனவே டாம்-ஜீரோவின் நினைவகத்தைத் துவக்கத்திலேயே நிலையாக வரையறுத்துவிடுங்கள்.

நெட்வொர்க்கில் கெஸ்ட்டின் நெட்ஃப்ரண்ட், டாம்-ஜீரோவின் நெட்பேக் ஆகிய டிரைவரின் இரு பாதிகளும் பகிர்ந்துகொண்ட வளையம் (சுழற்சியாகப் பயன்படும் நினைவகப் பகுதி) ஒன்றின் வழியாகப் பாக்கெட்டுகளை ஒப்படைக்கின்றன. தொடக்கத்தில் பாக்கெட் உள்ள நினைவகப் பக்கங்களையே அவை கைமாற்றிக்கொண்டன. பாக்கெட்டை நகலெடுப்பதே சிக்கனம் என்று பின்னர் தெரிந்தது. நெரிசல் பெரும்பாலும் டாம்-ஜீரோவின் சிபியுவில்தான் ஏற்படும், லினக்ஸ் 3.16இல் வந்த பல வரிசை வசதி இதைப் பெரிதும் தணித்தது. ஒரே ஹோஸ்ட்டிலுள்ள கெஸ்ட்டுகளுக்கு இடையே செக்சம் (தரவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) கணக்கிடப்படாமலே பாக்கெட்டுகள் போவதால், பாக்கெட் பிடிப்பில் செக்சம் தவறு என்று காட்டும். அதைப் பிழையென்று எண்ண வேண்டாம். ஐபி முகவரி பெற்றுத்தரும் பழைய டிஹெச்சிபி கிளையண்ட்டுகள் அத்தகைய பதில்களைத் தள்ளிவிட்டால் மட்டும், அனுப்பும் பக்கத்தில் செக்சம் ஆஃப்லோடை (அக்கணக்கீட்டைத் தள்ளிவிடும் வசதியை) நிறுத்துங்கள்.

புதிய கெஸ்ட்டுகளை இப்போது வன்பொருள் துணையோடு இயங்கும் பிவிஹெச் முறையில்தான் அமைக்கிறேன்: பக்க அட்டவணைப் பொறுப்பு வன்பொருளுக்குப் போய்விட்டது, நெட்ஃப்ரண்ட்டும் நெட்பேக்கும் அப்படியே தொடர்கின்றன.