திருச்செங்கோட்டில் முன் ஆக்சில் வேலை: ஒரு பட்டறை அனுபவம்

திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் என்பதால், எல்லாச் சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியின் முன் ஆக்சிலை, அதாவது முன் சக்கர அச்சை, பிரிக்க அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. பிரித்ததை முறையாகப் பூட்டித் தருபவர்களைத்தான் தேட வேண்டும். சங்ககிரி சாலையில் உள்ள இந்தச் சிறு பட்டறை அந்த வகை.

சக்கரம் பூட்டப்படும் ஹப்பையும், அதைத் தாங்கும் ஸ்பிண்டிலையும் கழற்றிய பிறகு, மூட்டுடன் கூடிய ஆக்சில் ஷாஃப்ட்டை வெளியே இழுத்தபோது, அதன் எடை, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலின் மேல் விழாதபடி ஒருவர் கடைசிவரை தாங்கிப் பிடித்திருந்தார். இரு முன் சக்கரங்களும் சேர்ந்து திரும்ப அவற்றை இணைக்கும் டை ராடின் முனையைச் சம்மட்டியால் அடிக்காமல், இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போட்டே எடுத்தார்கள். சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் மூடிகளைத் திறந்ததும் மேஸ்திரி, மேல், கீழ், இடம், வலம் என ஒவ்வோர் இடத்து ஷிம்களையும் தனித்தனிக் கம்பியில் கோத்து, சாக்பீஸால் குறியிட்ட தகரத் தட்டுகளில் வைத்தார். கிங்பின் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிப்பவை அந்த மெல்லிய தகடுகளே. அவை இடம் மாறினால் ஸ்டியரிங் கனக்கும் அல்லது சக்கரம் ஆடும். அவசரக்காரர்கள் பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். திரும்பப் பூட்டும்போது, டை ராடை மாட்டுவதற்கு முன்பே, கிங்பின்னில் திரும்பும் பாகமான நக்கிளை ஸ்பிரிங் தராசால் இழுத்து இறுக்கத்தைச் சரிபார்த்தார்கள்.

கூலி சற்று அதிகம்தான், ஆனால் நியாயமானது. சொன்ன தேதியில் மட்டும் வண்டியை எதிர்பார்க்க வேண்டாம்; சீல், பேரிங் வாங்க நாமே நாமக்கல்லுக்கு அலைய வேண்டியிருக்கிறது.