ஏத்தங்காய் சிப்ஸ் தொழில்: சந்தையைக் கேட்டறிவதா, பார்த்தறிவதா, விற்றறிவதா?

குமரி மாவட்டத்தில் வீட்டோடு ஒட்டிய சிறு கூடத்தில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போட்டு விற்க நினைப்பவர்கள் ஏராளம். அடுப்புக்கும் சீவும் இயந்திரத்துக்கும் பணம் கட்டுமுன் சந்தையை அறிய மூன்று வழிகள் உண்டு: பலரிடம் கேட்பது, கடைகளில் நின்று கவனிப்பது, கொஞ்சமாகச் செய்து விற்றுப் பார்ப்பது.

கேட்பதற்குச் செலவில்லை என்பதால் பலரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் "தொடங்கினால் வாங்குவீர்களா?" என்று சொந்தக்காரர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்டால், முகத்துக்கு நேராக யாரும் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. கடைசியாக எப்போது, எங்கே, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கேட்பது ஓரளவு பயன் தரும். அதைவிடக் கடைக்காரரிடம் கேட்பது மேல். எத்தனை நாள் கடன், விற்காத பாக்கெட்டைத் திரும்ப எடுக்க வேண்டுமா என்பவற்றை அவரே சொல்ல முடியும்.

கவனிப்பது இதைவிட நம்பகமானது. கடையில் தொங்கும் பாக்கெட்டுகளின் தயாரிப்புத் தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் அதே கடைக்குச் சென்று அதே தேதி அங்கே இருக்கிறதா என்று பார்த்தாலே சரக்கு ஓடுகிறதா, தேங்குகிறதா என்பது தெரிந்துவிடும். இதை ஓர் ஊரில் மட்டும் செய்வது போதாது. கன்னியாகுமரியில் வாங்குபவர் பெரும்பாலும் ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணி. நாகர்கோவில் வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ வாங்குபவர் ருசி பிடித்தால் மறுபடியும் வரக்கூடியவர். எனினும், ஒரு பாக்கெட் ஏன் விற்கவில்லை என்பதையும், நமக்கு அடக்கவிலை என்ன ஆகும் என்பதையும் வெளியில் நின்று பார்ப்பவர் அறிய முடியாது.

அதை விற்றுப் பார்த்தால்தான் அறியலாம். ஒரு கிலோ சிப்ஸுக்குத் தோலுடன் ஏறக்குறைய மூன்று முதல் நான்கு கிலோ காய் வேண்டும் என்பதும், தேங்காய் எண்ணெய் விலை சற்று ஏறினாலே லாபம் எவ்வளவு சுருங்கும் என்பதும் அடுப்படியில் நின்றவருக்கே உறைக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. சரியாக ஒட்டாத பாக்கெட் எத்தனை நாளில் நமத்துப்போகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சோதனை விற்பனையானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவைப் பெற்றுக்கொண்டே இறங்க வேண்டும்.

இந்த வழியில் ஏமாறவும் இடமுண்டு, காரணம் பருவம். ஓணத்தை ஒட்டி எல்லைக்கு அப்பால் கேரளத்தில் தேவை கூடுவதால் ஏத்தன் குலையின் விலையும் சிப்ஸ் விற்பனையும் சேர்ந்தே ஏறும். நவம்பர் முதல் ஜனவரி வரை சபரிமலை பக்தர்கள் கன்னியாகுமரிக்குத் திரண்டு வருவார்கள். அந்த மாதங்களின் விற்பனையை ஆண்டு முழுவதற்கும் பெருக்கி, மாவட்டத் தொழில் மையத்துக்கான திட்ட அறிக்கையில் எழுதிக் கடன் வாங்கியவர், பங்குனியில் தவணை கட்டத் திணறுவார்.

ஆகவே என் பரிந்துரை இது: பொதுமக்களிடம் கேட்பதைச் சுருக்கிக்கொண்டு, சில வாரங்கள் கடைகளைக் கவனித்துவிட்டு, திருவிழா இல்லாத ஒரு மாதத்தில் இரண்டு ஊர்களில் சிறிதளவு விற்றுப் பார்க்கலாம். முதல் தடவை கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காகச் சரக்கு எடுத்திருக்கலாம். அவரே பழைய பாக்கியைத் தீர்த்து அடுத்த சரக்கைக் கேட்ட பிறகு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கலாம்.