நிலவில் மனை விற்கிறார்கள், வாங்காதீர்கள்: 19,149 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது

அப்பாவுக்குப் பீமரத சாந்தி. எழுபது வயதுக்காரருக்கு என்ன வாங்கித் தருவது? வேட்டி பீரோ நிறைய இருக்கிறது. வாட்ச் வாங்கினால் கட்ட மாட்டார். கும்பகோணத்தில் 38 வருடம் பத்திர எழுத்தராக இருந்தவர், எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கிரயப் பத்திரம் அவர் கைப்படத்தான் இருக்கும். அந்த மனுஷருக்கு நிலவில் ஒரு ஏக்கர் எழுதிக் கொடுத்தால் சபையில் எல்லோரும் சிரித்து மகிழ்வார்களே என்று நினைத்தேன். நினைக்க வைத்தது செல்போனில் வந்த விளம்பரம். விக்ரம் லேண்டர் படம், ஓரத்தில் தேசியக் கொடி, கீழே "அன்புக்குரியவருக்கு நிலவில் சொந்த மண்".

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியதை அப்பா டிவி முன்னால் எழுந்து நின்று கைதட்டிப் பார்த்தார். அந்த ஞாபகத்தில் விளம்பரத்தை அமுக்கிவிட்டேன்.

ஏக்கர் 4,499 ரூபாய். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் "பதிவுக் கட்டணம்" என்று 650 ஏறியது. "கனிம உரிமையும் சேர்த்து வேண்டுமா?" என்று ஒரு கட்டம், அதற்கு 1,500. நிலம் வாங்கிவிட்டுக் கனிமத்தை எதற்கு விடுவானேன் என்று அதையும் டிக் அடித்தேன். ஆக 6,649. எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

பத்து நாளில் அட்டைக் குழாயில் சுருட்டிப் பத்திரம் வந்தது. மஞ்சள் படிந்த மாதிரி அச்சடித்த கெட்டித் தாள், தங்க நிறத்தில் பளபளவென்று ஒரு முத்திரை, அப்பா பெயர், "மழைக்கடல் பகுதி, மனை எண் 114" (மழைக்கடல் என்பது நிலவில் உள்ள ஒரு சமவெளியின் பெயர்). கூடவே நிலவு வரைபடம், அதில் சிவப்புப் புள்ளி. அந்த முத்திரையை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். ஓரம் உரிந்தது. ஸ்டிக்கர். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

விசேஷத்தன்று சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். முழுசாகப் படித்தார், பின்பக்கம் உட்பட.

"ஏம்மா, இதுக்குச் செக்குபந்தி எங்க?"

நான்கு எல்லையும் இல்லை. வடக்கே யார் நிலம், கிழக்கே யார் நிலம் என்று ஒரு வரி கிடையாது.

"சரி போகட்டும். எழுதிக் கொடுக்கிறவனுக்கு இது எப்படிப் பாத்தியமாச்சு? பிதுரார்ஜிதமா, சுயார்ஜிதமா, தானமா? அதைச் சொல்லாம ஒரு கிரயப் பத்திரம் எழுதவே முடியாது. மூலப்பத்திரம் எங்கம்மா?"

சித்தப்பா, "அண்ணா, அது புறம்போக்கு" என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. "புறம்போக்குன்னாலும் அது சர்க்கார் நிலம்டா. இது எந்தச் சர்க்காருக்கும் சொந்தமில்லாத இடம். பட்டா கொடுக்கவே ஆளில்லையே" என்று சொல்லிவிட்டு, தாளைப் பழையபடி சுருட்டி என் கையிலேயே கொடுத்தார்.

அவர் சர்வதேசச் சட்டம் எதுவும் படித்தவர் இல்லை. ஆனாலும் விஷயத்தின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விண்வெளி ஒப்பந்தம் என்று ஒன்று 1967 ஜனவரி 27 அன்று கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, அந்த வருடம் அக்டோபரில் அமலுக்கு வந்தது. 110-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன, இந்தியாவும் உண்டு. அதன் 2-ஆவது பிரிவுப்படி, நிலவையோ மற்ற விண்பொருட்களையோ இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, வேறு எந்த வழியிலோ எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது.

சபையில் அப்படி ஆனதில் எனக்குக் கொஞ்சம் கோபம். பணம் திரும்பக் கேட்கலாம் என்று அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். இரண்டே வரியில் பதில்: விதிமுறைகள் பக்கத்தைப் பார்க்கவும். போய்ப் பார்த்தால் கடைசியில், "இது ஒரு புதுமைப் பரிசுப் பொருள் மட்டுமே. சட்டபூர்வ உரிமை எதையும் அளிக்காது." விளம்பரத்தில் "சட்டபூர்வப் பத்திரம்" என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள்தான் இதை எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். பரிசு ஒன்று சொதப்பியது, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு போன். நல்ல தமிழ், பதவிசான குரல், "மேடம்" போட்டுப் பேசினார். நான் வாங்கிய மனை எண்ணைத் தானே சொன்னார். (இந்த எண் அவருக்கு எப்படிப் போனது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.) வெளிநாட்டுச் சுரங்கக் கம்பெனி ஒன்று மழைக்கடல் பகுதியில் ஹீலியம் 3 என்ற வாயுவை எடுக்கப்போகிறது, கனிம உரிமையோடு இருக்கும் மனைகளை மட்டும் ஏக்கர் மூன்று லட்சத்துக்கு வாங்குகிறது என்றார்.

நான் முட்டாள் இல்லை. விண்வெளி ஒப்பந்தம் பற்றிக் கேட்டேன். மனுஷர் அசரவே இல்லை. அவர் சொன்ன மூன்று பதிலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களிடமும் இதையேதான் சொல்வார்கள்.

முதலாவது, ஒப்பந்தம் நாடுகளைத்தான் தடுக்கிறது, தனி மனிதரைப் பற்றி அதில் பேச்சே இல்லை என்பது. 1980-இல் அமெரிக்காவில் ஒருவர் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, நிலவு தன்னுடையது என்று ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதினார், இன்று வரை மறுப்பு வரவில்லை, அதனால் செல்லும் என்றார். அந்த ஆள் கடிதம் எழுதியதும், பல வருடம் நிலவை மனை போட்டு விற்றதும் உண்மை. ஆனால் பதில் வராததே சம்மதம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அப்பா இதைக் கேட்டபோது, "கலெக்டருக்கு நான் ஒரு மனு போட்டுப் பதில் வரலேன்னா மகாமகக் குளம் எனக்கா?" என்றார். தவிர அதே ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவு, தனியார் விண்வெளியில் செய்வதற்கும் அவரவர் நாடே பொறுப்பு, அந்த நாட்டின் அனுமதியும் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும் என்கிறது. தனக்கே இல்லாத நிலத்துக்கு ஒரு அரசு யாருக்கு எப்படிப் பட்டா கொடுக்கும்?

ஒருவர் கோர்ட்டுக்கே போய்ப் பார்த்தார். கிரெகரி நெமிட்ஸ் என்ற அமெரிக்கர் 2000-இல் ஈராஸ் என்ற குறுங்கோள் தன்னுடையது என்று அறிவித்துக்கொண்டார். மறு வருடம் பிப்ரவரியில் நாசாவின் விண்கலம் அதில் இறங்கியதும், என் இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு 20 டாலர் வாடகை என்று நாசாவுக்கு பில் அனுப்பினார்! நாசா கட்டவில்லை, அவர் வழக்குப் போட்டார், 2004-இல் தள்ளுபடி. மேல்முறையீட்டிலும் அதே கதிதான்.

இரண்டாவது பதில், "அமெரிக்கா 2015-இலேயே சட்டம் போட்டுவிட்டது மேடம், லக்சம்பர்க் 2017-இல், ஜப்பான் 2021-இல்" என்பது. இங்கேதான் நான் விழுந்தேன். ஏனென்றால் நெட்டில் தேடிப் பார்த்தேன், சட்டங்கள் நிஜமாகவே இருந்தன. அவசரத்தில் தலைப்பைப் படித்தேன், உள்ளே படிக்கவில்லை. அந்தச் சட்டங்கள் சொல்வது, தோண்டி எடுத்த பொருள் எடுத்தவருக்குச் சொந்தம் என்று. நடுக்கடலில் பிடித்த மீன் வலை போட்டவருடையது, கடல் அவருடையதாகிவிடாது, அந்தக் கணக்குதான். அமெரிக்கச் சட்டமோ, இதனால் எந்த விண்பொருளின் மீதும் அமெரிக்கா இறையாண்மையோ உடைமையோ கோரவில்லை என்று தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. நாசா 2020-இல் நிலவு மண் வாங்க நான்கு கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டபோது, அதில் ஒன்று கேட்ட விலை 1 டாலர். அதுவும் அள்ளித் தரும் மண்ணுக்குத்தான். எனக்கு மூன்று லட்சம் தர வந்தவர்களைப் பற்றி அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

மூன்றாவது நம் ஊர்க் கதை. இந்திய விண்வெளிக் கொள்கை 2023 தனியாருக்கு விண்வெளி வளங்களை அனுமதித்துவிட்டது என்றார். இதுவும் பாதி உண்மை. குறுங்கோளிலோ விண்வெளியிலோ தனியார் நிறுவனம் எடுத்த வளத்தை, பொருந்தும் சட்டங்களுக்கு உட்பட்டு, வைத்துக்கொள்ளலாம், விற்கலாம் என்று அந்தக் கொள்கையில் இருக்கிறது. ஆனால் அந்த வேலையில் இறங்கும் நிறுவனம், தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். மனை போட்டு விற்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. 2017-இல் வரைவாக வந்த விண்வெளி மசோதாவும் சட்டமாகவில்லை. பொய் சொல்கிறவன் முழுப் பொய் சொன்னால் பிடித்துவிடலாம். இவன் கொள்கையின் பெயர், வருடம் எல்லாம் சரியாகச் சொன்னான்.

"என்.ஓ.சி.", அதாவது தடையில்லாச் சான்று, அதற்குக் கட்டணம் 12,500, விற்றதும் திரும்பக் கிடைக்கும் என்றான். ஜிபேயில் அனுப்பினேன். பெறுபவர் பெயராக எந்தக் கம்பெனியும் காட்டவில்லை, யாரோ ஒரு தனி நபர் பெயர் வந்தது. அதையும் பார்த்துக்கொண்டேதான் அனுப்பினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. மூன்று லட்சத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "மூலப்பத்திரம் கேட்டீங்களே" என்று சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு. பேராசையைவிட இதுதான் என்னைக் கவிழ்த்தது.

மறுநாள் "டி.டி.எஸ்." என்று 18,000 கேட்டான். டி.டி.எஸ். என்பது பணம் கொடுக்கிறவர் வருமான வரிக்காகப் பிடித்துக்கொள்வது, வாங்குகிறவர் முன்கூட்டி அனுப்புவது கிடையாது. என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, எனக்கா தெரியாது? அங்கேதான் புத்தி வந்தது. முடியாது என்றேன். அந்த நிமிடமே பதவிசெல்லாம் போய், "என்.ஓ.சி. ரத்தாகிடும், அப்புறம் எங்களைக் கேட்காதீங்க" என்று போனை வைத்துவிட்டான்.

வெட்கத்தில் ஒன்பது நாள் சும்மா இருந்தேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்கு உடனே போன் செய்திருந்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு போவதற்குள் முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். நான் புகார் கொடுத்தபோது அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

முதலில் கட்டிய 6,649-க்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், கம்பெனி பதில் சொல்லவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, அட்டைக் குழாயின் மேல் ஒட்டிய முகவரி எல்லாவற்றையும் வைத்திருங்கள். நல்லவேளை, அந்தக் குழாயை நான் தூக்கிப் போடவில்லை.

நட்சத்திரத்துக்குப் பெயர் வைத்துத் தருகிறோம் என்று வரும் விளம்பரமும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான். விண்பொருட்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேச வானியல் ஒன்றியம் எந்தப் பெயரையும் விற்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. பரிசு என்று தெரிந்தே வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. சட்டபூர்வம், முதலீடு, மறுவிற்பனை என்ற சொல் வந்தால் மட்டும் போனை வைத்துவிடுங்கள்.

மனுவை அப்பாதான் எழுதுகிறார். ஓய்வு பெற்ற பிறகு பேனா எடுத்து உட்கார்வது இதுதான் முதல் தடவை. 12,500 விஷயத்தை நேற்று ராத்திரிதான் அவரிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. எழுதிய பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். "தேதியைச் சொல்லு, அதையும் சேர்த்துடலாம்" என்றார்.