செஸ்ட் ரிக்: நான்கு வருடம் கட்டி நடந்த பிறகு

பறவை பார்க்கப் போகும்போதும் நீண்ட மலைநடைகளிலும் செஸ்ட் ரிக், அதாவது நெஞ்சின் முன்னால் கட்டிக்கொள்ளும் பைத்தொகுப்பு, கட்ட ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. இதுவரை இரண்டு ரிக் பார்த்துவிட்டேன். முதலாவதை எட்டே மாதத்தில் ஒதுக்கிவிட்டேன். இரண்டாவது இன்னும் கூடவே வருகிறது. இரண்டிலும் துணி ஒரே தரம், தையலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு ஒத்துப்போனதும் போகாததும் அளவாலும் கட்டிய விதத்தாலும்தான். வாங்கும்போது எத்தனை பவுச் (சின்னப் பை) இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணினேன். உடம்பில் எந்த உயரத்தில் உட்காருகிறது, மூச்சு விட இடம் கொடுக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

இந்தச் சாதனம் போருக்காகச் செய்யப்பட்டது. வியட்நாம் போர்க் காலத்தில் ஏகே துப்பாக்கியின் மேகசின்களை, அதாவது தோட்டாக் கூடுகளை, சுமக்கச் சீனாவின் டைப் 56 ரிக் பரவலாகப் பயன்பட்டது. நடுவில் மூன்று மேகசின் பைகள், இருபுறமும் சின்னப் பைகள், தோளையும் முதுகையும் சுற்றிக் கட்டத் துணிப் பட்டைகள். அந்த அடிப்படை இன்றும் அப்படியே இருக்கிறது. மேகசின் இருந்த இடத்தில் என்னிடம் கேமரா பேட்டரி, லென்ஸ் துடைக்கும் துணி, குறிப்பேடு, திசைகாட்டி, வாக்கி-டாக்கி, சின்ன முதலுதவிப் பை.

என் முதல் ரிக் அகலமானது, உயரமும் அதிகம். கீழ் விளிம்பு தொப்புள் வரை இறங்கியது. சமதளத்தில் நடந்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் காலைத் தூக்கி வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் தொடை வந்து இடிக்கும். இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம்: முன்பக்கப் பவுச்கள் தடிமனாகப் புடைத்திருந்ததால் குனிந்து பார்த்தால் என் பாதமே தெரியவில்லை. ஈரப் பாறையில் அடுத்த அடி எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் இறங்குவது ஆபத்து. ஒருமுறை சறுக்கி உட்கார்ந்த பிறகுதான் அந்த ரிக்கைக் கைவிட்டேன்.

இப்போது என் அளவு இதுதான். மேல் விளிம்பு காறை எலும்புக்கு நான்கு விரல் கீழே. கீழ் விளிம்பு விலா எலும்பு முடியும் இடத்தைத் தாண்டாது. நெஞ்சின் நடுவில் தட்டையான பொருட்கள் மட்டும். தடிமனானவை எல்லாம் பக்கவாட்டில், ஆனால் கை வீசும்போது முழங்கை உரசாத அளவுக்கு முன்னால். பார்ப்பதற்குக் கொஞ்சம் மேலே ஏறிக் கிடப்பது போலத்தான் இருக்கும். போட்டு நடந்தால் அதுதான் சரி என்று உடம்பு சொல்லிவிடும்.

இறுக்கத்தை வெறும் ரிக்கை மாட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வழக்கமாக எடுத்துப் போகும் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, மூச்சை நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு முதுகுப் பட்டையை இழுத்துக் கட்டுங்கள். மூச்சை விட்டபடி கட்டினால் ஏற்றத்தில் நெஞ்சு விரிய இடம் இருக்காது; நமக்குத்தான் தெம்பு போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். அப்புறம் குந்தி உட்காருங்கள், கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள், பத்துப் படி ஏறி இறங்குங்கள். ரிக் குதித்தால் முதுகுப் பட்டையை இறுக்க வேண்டும். தொண்டையை நோக்கி ஏறினால் தோளில் வரும் பட்டையை நீட்ட வேண்டும்.

முதுகில் பேக்பேக் மாட்டுபவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ரிக்கை முதலில், பேக்பேக்கை அதற்கு மேலே. என் முதல் ரிக்கின் முதுகுப் பட்டையில் பக்கிள் நேராக முதுகெலும்பின் மேல் உட்கார்ந்தது. மேலே பேக்பேக் அழுத்த, மூன்று மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து கன்றிப்போனது. இப்போது பக்கிள் விலாப் பக்கமாக வரும்படி பட்டையை மாற்றியிருக்கிறேன். எக்ஸ் வடிவத் தோள்பட்டையா, எச் வடிவமா என்றால், குறுகிய தோள்காரர்களுக்கு எக்ஸ் நழுவாது. ஆனால் பட்டைகள் குறுக்கே சந்திக்கும் இடம் பேக்பேக்குக்கு அடியில் மாட்டி உறுத்தும். நான் மெல்லிய, பஞ்சு வைக்காத எச் பட்டைக்கு மாறினேன். பேக்பேக்கின் பட்டையில் ஏற்கெனவே பஞ்சு இருக்கிறது, இரண்டு அடுக்கு தேவையில்லை.

ஓடை கடக்கும்போது பேக்பேக்கின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு இறங்குவோம், விழுந்தால் பையை உதறிவிட முடியும் என்பதற்காக. ரிக்கும் அப்படிக் கழல வேண்டும். தலைவழியாகக் கழற்ற வேண்டிய ரிக்கைத் தண்ணீர் இருக்கும் பாதைக்கு நான் எடுத்துப் போவதில்லை.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை. 1000 டெனியர் கார்டுரா (உறுதியான நைலான் துணி) உரசலைத் தாங்கும், ஆனால் கனம், விறைப்பு. என் வேலைக்கு 500 போதும். நான்கு வருடத்தில் எங்கும் கிழியவில்லை. துணியைவிடத் தையலைப் பாருங்கள். பட்டை துணியோடு சேரும் இடங்களில் நெருக்கமாக, முன்னும் பின்னுமாக அடித்த தையல் இருக்க வேண்டும்.

பவுச் தனியாக வாங்கிக் கோப்பவர்கள் மோலி முறையை, அதாவது ரிக்கின் பட்டைகளில் பவுச்சைப் பின்னி மாட்டுவதை, சரியாகச் செய்ய வேண்டும். ரிக்கில் ஓடும் கிடைப்பட்டைகள் 25 மில்லிமீட்டர் அகலம், 38 மில்லிமீட்டருக்கு ஒரு தையல். பவுச்சின் பின்னால் தொங்கும் நாக்குப் பட்டையை ரிக் பட்டையில் ஒன்று, பவுச் பட்டையில் ஒன்று என்று மாற்றி மாற்றி, பாய் பின்னுவது போலக் கோக்க வேண்டும். அவசரத்தில் ரிக் பட்டைகளுக்குள் மட்டும் நேராகச் செருகிவிட்டால் பவுச் தொங்கி ஆடும். நடக்க நடக்க அந்த ஆட்டம் சலிப்பைத் தரும்.

திசைகாட்டி விஷயத்தில் நான் பட்ட அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அதை வாக்கி-டாக்கிக்குப் பக்கத்துப் பவுச்சில் வைத்து, முழுவதும் வெளியே எடுக்காமல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் காந்தம் இருப்பது நினைவில்லை. மூடுபனியில் தவறான முகட்டில் அரை மணி நேரம் நடந்தோம். போனுக்கும் காந்த மூடி வைத்த பவுச்சுக்கும் இதே சிக்கல் உண்டு. இப்போது திசைகாட்டி ஒரு கயிற்றில் இருக்கிறது; கையை முழுக்க நீட்டித்தான் பார்க்கிறேன்.

வெல்க்ரோ மூடிகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டேன். திறக்கும் சத்தத்தில் பறவை பறந்துவிடுகிறது, புல்விதை சிக்கி ஒரு வருடத்தில் பிடிப்பும் போய்விடுகிறது. ஜிப் இதுவரை படுத்தவில்லை. வியர்வை மட்டும் எந்த ரிக்கிலும் தீராத தொல்லை. வலைத்துணி முதுகு கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். போனை ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் போட்டே வைக்கிறேன். ஈர ரிக்கை அப்படியே சுருட்டி வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். முதல் ரிக்குக்கு அதுதான் நடந்தது. மிதமான சோப்பில் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயில் நைலானை வலுவிழக்கச் செய்யும்.

நிறம் மண் பழுப்பு. உருமறைப்பு நிறம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பார்படாஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவதே சட்டவிரோதம். தடை இல்லாத இடத்திலும் எதிரே வருபவருக்கு நம்மைப் பார்த்துப் பயம் வரக் கூடாது.

எல்லாம் நிரப்பினால் என் ரிக் 1.6 கிலோ. இரண்டு கிலோவைத் தாண்டினால் கழுத்து அன்றைக்கு மாலையே வலிக்கிறது, அதனால் தண்ணீரை முதுகுக்கு அனுப்பிவிட்டேன். பட்டைகள் நனைந்தால் பக்கிளில் மெல்ல நழுவும். அதற்காக ஒவ்வொரு பட்டையிலும் நூலால் இரண்டு அடையாளம் தைத்திருக்கிறேன்: சட்டைக்கு வெள்ளை, குளிர் ஜாக்கெட்டுக்குச் சிவப்பு. ஒவ்வொரு ஓய்விலும் தொட்டுப் பார்த்து, நழுவியிருந்தால் நூல் வரைக்கும் இழுத்துவிட்டுக் கிளம்புகிறேன்.