மாடித்தோட்டக் குறிப்புகள்: எதை எழுதுவது, எதைப் படம்பிடிப்பது

மாடித்தோட்டம் பற்றிப் பகிர நினைப்பவர்கள் பெரும்பாலும் நேராக யூடியூப் சேனல்தான் தொடங்குகிறார்கள். வலைப்பதிவு, வீடியோ இரண்டையும் நீண்ட காலம் நடத்திப் பார்த்ததில் எங்களுக்கு நிலைத்த வழக்கம் இதுதான்: அளவும் விகிதமும் எழுத்துக்கு, கைவேலை வீடியோவுக்கு.

பஞ்சகவ்யத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெளிப்பதற்கு 3 சதவீதக் கரைசல். அதாவது 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி., 10 லிட்டர் டேங்குக்கு 300 மி.லி. துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொள்ளும். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மி.லி., கூடவே 1 முதல் 2 மி.லி. காதி சோப்புக் கரைசல். முதலில் எண்ணெயையும் சோப்பையும் நன்றாக அடித்துக் கலக்கி, அதன் பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். சோப்பு சரியாகக் கலக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து திட்டுத்திட்டாக இலையில் படியும்; வெயில் ஏறினால் அந்த இடம் கருகும். அதனால்தான் மாலையில் தெளிக்கச் சொல்வது.

இதையே வீடியோவில் சொன்னால் எண்கள் சில நொடிகளில் கடந்துபோய்விடும். ஈரக் கையோடு போனைத் தள்ளித் தள்ளித் தேடவேண்டியிருக்கும். "முப்பது மில்லி லிட்டருக்கா, டேங்குக்கா?" என்ற கேள்வி எல்லா வீடியோவின் கீழும் வரும். பதிவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

மண்கலவையில் பாதி எழுத்து, பாதி வீடியோ. செம்மண், மட்கிய உரம், தென்னைநார்க் கழிவு சம அளவு. 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பைக்கு ஏறத்தாழ 22 லிட்டர் கலவை. இவை எழுத்தில் இருக்கட்டும். ஈரப்பதத்தை எழுதி விளக்க முடியாது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது, தட்டினால் உதிர வேண்டும். பதினைந்து நொடி வீடியோ போதும்.

கைமகரந்தச் சேர்க்கையும் அப்படித்தான். பிஞ்சு ஒட்டிய பெண்பூவைக் காட்டி, ஆண்பூவின் இதழைக் கிழித்து, மகரந்தத்தை எந்த அழுத்தத்தில் தொட்டு எடுக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் சுரையும் பீர்க்கும் மாலையில் பூப்பவை, பூசணியும் பாகலும் காலையில் பூப்பவை என்ற குறிப்பை வீடியோவுக்குக் கீழே எழுதியே வைக்க வேண்டும். நேரம் தப்பினால் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும்.

மூன்றாவது ஒன்று உண்டு, பலரும் மறப்பது: அசையாத படம். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வாசகர் தன் செடியின் இலையை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார். ஓடும் வீடியோவில் அது நடக்காது.

திருத்தம் என்று வந்தால் எழுத்துக்கே என் ஓட்டு. ஒரு அளவு தவறிவிட்டால் பதிவில் உடனே மாற்றி, மேலே தேதியோடு குறிப்பிடலாம். யூடியூப்பில் ஏற்றிய கோப்பை அதே சுட்டியில் மாற்ற வழியில்லை. வெட்டலாம், மங்கலாக்கலாம், அவ்வளவுதான். வீடியோவின் கீழே முதலில் நிற்கும்படி பொருத்திவைத்த கருத்தை எல்லாரும் படிப்பதில்லை, தவறான அளவு ஓடிக்கொண்டே இருக்கும். உரமும் பூச்சிவிரட்டியும் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்கரில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் சுட்டியில் தலைப்பு வராது. "பிளாக்-போஸ்ட்" என்ற பொதுப் பெயரும் எண்ணுமாக அமையும். வெளியிடும் முன் வலப்பக்க அமைப்பில் பெர்மாலிங்க்கை, அதாவது பதிவின் நிலையான சுட்டியைத் திறந்து, ஆங்கில எழுத்தில் செடியின் பெயரையும் வேலையையும் கொடுங்கள். வெளியிட்டபின் மாற்றினால் பழைய இணைப்புகள் முறியும். ஆடிப்பட்டம் நெருங்கும்போது விதைப்புக் குறிப்பைத் தேடி வருகிறவர்களுக்குச் சுட்டி உடையாமல் இருப்பது முக்கியம்.

மாடியில் படம்பிடிப்பதில் பெரிய எதிரி காற்று. காலர் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். அப்போதும் இரைந்தால் காட்சியை மட்டும் எடுத்து, குரலை அறைக்குள் பதிவுசெய்யுங்கள். நடுப்பகல் வெயிலில் இலை வெளுத்து, நிழல் கறுத்துப்போகும். காலை ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது. திரையில் இலைமேல் விரலை அழுத்திப் பிடித்து, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள்.

வருமானம் பற்றிச் சுருக்கமாக: யூடியூப் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும், ஷார்ட்ஸ் எனும் குறுவீடியோக்கள் வழியாகவும் தகுதி பெறலாம். தமிழ்ப் பதிவுகளுக்கு 2018 முதல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் உண்டு. இதை நம்பி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், பத்து வரிக் குறிப்பு பத்து நிமிட வீடியோவாக இழுபடும்.

நடைமுறையில் முதலில் பதிவை முழுதாக எழுதுங்கள். எந்த வாக்கியத்தை எவ்வளவு மாற்றி எழுதினாலும் புரியவில்லையோ, அந்த வேலையை மட்டும் படமெடுத்து அங்கேயே பொருத்துங்கள். வீடியோ நீளமானால் விளக்கப் பகுதியில் 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரக்குறிகள் கொடுங்கள். ஒவ்வொரு பகுதியும் 10 நொடியாவது இருந்தால்தான் அத்தியாயங்களாகப் பிரியும். பதிவின் சுட்டியை முதல் வரியிலேயே போடுங்கள்.

பிளாக்கர் காப்புக் கோப்பில் (பேக்கப்) எழுத்துதான் முழுதாக இருக்கும். படங்களுக்கு இணைப்பு மட்டுமே. மூலப் படங்களைச் செடி, மாதம், ஆண்டு என்று பெயரிட்டுத் தனி ஹார்டு டிஸ்கில் சேமியுங்கள்.